நான்கு நிழல், மூன்று நிழல்

வர்ஸாஸாத்தில் எகிப்து இருக்கிறது.
ரோம் இருக்கிறது. ஒரு ஜெருசலேம், பாதி திபெத்.
எல்லாம் பிளாஸ்டரும் சாக்கும் யூகலிப்டஸ் கழியும்.
பின்பக்கம் போய்ப் பார்த்தால்
பார்வோனின் முதுகுக்குள் பூனை குட்டி போட்டிருக்கும்.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
ராணி கோப்பையை எந்தக் கையில் எடுத்தாள்,
மெழுகுவர்த்தி எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
அடிமையின் காயம் இடது புருவத்திலா வலதிலா,
கேளுங்கள், சொல்வேன்.
வீட்டுச் சாவியைத்தான் எங்கே வைத்தேன் என்று தெரியாது.

பிப்ரவரியில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள்.
ஹோட்டல் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம்.
காசாபிளாங்காவிலிருந்து கிஸ்லான் அம்மையார்,
ஒரு புரொஜெக்டர், ஐம்பத்திரண்டு படிவம்.
உங்களுக்குத் தேவையான திறன் எது?
கட்டங்கள் இருந்தன: ஒளி, ஒலி, வண்ணம், ட்ரோன்.
தச்சர் ஹ்மாத் எல்லாவற்றையும் தாண்டி
‘மற்றவை’யில் எழுதினார்:
ஒப்பந்தம் வாசிக்க.
உடைப் பிரிவு இத்தோ:
பதினாறாவது மணி நேரத்தில் ஊசி கோர்க்க.
ஜெனரேட்டர் லஹ்பீப் பேனாவை மூடியே வைத்திருந்தான்.
போன வருஷம் இரவுப் படப்பிடிப்பு முடிந்து வரும்போது
திஷ்கா கணவாயில்
அவன் தம்பி ஸ்டியரிங்கில் தூங்கிப்போனான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாடம்.
ஆபத்தைக் கண்டால் நிறுத்தச் சொல்வது எப்படி.
ஒவ்வொருவராக எழுந்து கத்த வேண்டும்.
“எந்த மொழியில்?” என்றார் ஹ்மாத்.
இயக்குநருக்கு ஆங்கிலம், கேமராவுக்கு பிரெஞ்சு,
சம்பளத்துக்கு அரபு,
கயிறு இழுக்க எங்கள் தஷெல்ஹித்.
அம்மையார் கொஞ்சம் யோசித்து
பராக்கா என்று வைத்துக்கொள்வோம் என்றார்.
போதும் என்று அர்த்தம்.
வயிறு நிறைந்த குழந்தை தட்டைத் தள்ளும்போது சொல்வது.

யாருக்கும் குரல் எழும்பவில்லை.
எண்ணூறு துணை நடிகர்களை
மெகாபோனில் மேய்க்கிற ஒபெல்லா
தொண்டையைச் செருமி,
கடன் கேட்பவர்போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.
நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.
சான்றிதழ் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

மே மாதம். கோட்டைச் சுவர், பதினொரு மீட்டர்.
அதன் அடியில் முப்பது குதிரை.
பின்னாலிருந்து சுவரை இழுத்துப் பிடித்த கயிறுகள்
ஓரத்து மணலில் நிழலாக விழுந்திருந்தன.
இரண்டாவது டேக்கில் நான்கு கோடு.
ஐந்தாவதில் மூன்று.
குறிப்பேட்டில் எழுதப்போன கை
அப்படியே நின்றது.
காற்று வேறு திசை மாறியிருந்தது.

பராக்கா.

முப்பது குதிரையும் என்னைப் பார்த்தன.
மனிதர்கள் கொஞ்சம் தாமதமாக.

நிழல் ஃபிரேமில் விழுகிறது என்று
நான்காவது கயிற்றை யாரோ அவிழ்த்து
பாம்புபோல் சுருட்டி வைத்திருந்தார்கள்.
யார் என்று யாரும் சொல்லவில்லை.
ஹ்மாத் ஏறிக் கட்டி இறங்குவதற்குள்
வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது.
ஒரு நாள் வெயிலின் விலை எவ்வளவு என்று
தயாரிப்பு மேலாளர் சொன்னார்.
காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோல்
மறுபடியும் சொன்னார்.

சுவர் விழவில்லை.
கட்டாமல் விட்டிருந்தாலும் விழுந்திருக்காது என்றார்கள்.
இருக்கலாம்.
அந்த டேக்கை யாரும் எடுக்கவில்லையே.

ஜூனில் யாரும் கூப்பிடவில்லை. ஜூலையில் இத்தோ வந்தாள்,
தர்பூசணியோடு. வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.
ஆகஸ்டில் படிவம் வந்தது.
பயிற்சியால் உங்களிடம் ஏற்பட்ட மாற்றம் என்ன?
எழுத இரண்டு வரி இடம்.
ஓரத்தில் திருப்பித் திருப்பி, நுணுக்கி எழுதினேன்:

கத்தக் கற்றுக் கொடுத்தீர்கள், நன்றி.
கத்திய பிறகு எங்கே நிற்பது,
கைகளை எங்கே வைத்துக்கொள்வது,
மறுநாள் காலை வேனில் யார் பக்கத்தில் உட்காருவது,
இதற்கும் ஒரு நாள் வகுப்பு போடுங்கள்.
மேலாளர்களையும் கூப்பிடுங்கள்.
மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.